எந்த உயரத்து டிகிரி அது?

ஜனவரி விடியலில் மூணாறுக்கு 5 டிகிரி என்று செல்போன் காட்டும். அதே நேரத்தில் செண்டுவரை எஸ்டேட்டின் தாழ்வான புல்வெளி உறைபனியால் வெள்ளை பூத்துக் கிடக்கும். 5 டிகிரியில் தண்ணீர் எப்படி உறைந்தது? போன் சொன்னதும் சரி, புல்லில் தெரிவதும் சரி. இரண்டும் வெவ்வேறு உயரத்தின் கணக்கு.

வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும். முன்னறிவிப்பும் அந்த உயரத்துக் காற்றுக்குத்தான். தெளிந்த, காற்றில்லாத இரவில் புல்நுனி அதைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாகக் குளிரும். தரை இரவு முழுக்கத் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானுக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமும் நீராவியும் அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று உலர்ந்ததும் அந்தப் போர்வை விலகிவிடும். புல்லோ மெல்லியது, அதில் சேமித்த வெப்பம் கொஞ்சம். மண்ணின் சூடு மேலே வராமல் புல்லுக்குள் அடைபட்ட காற்று தடுத்துவிடும். அதனால்தான் புல் வெளுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒற்றையடிப் பாதை வெறும் ஈரமாக இருக்கும். ஜீப்பின் கூரை வெளுக்கும். சில்வர் ஓக் மரத்தடி வெளுக்காது. அங்கே குளிர்ந்த வானத்துக்குப் பதில் இலைகள் கவிந்திருக்கின்றன.

ஆகவே உறைபனி பார்க்கக் கிளம்புகிறவர் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவார். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை மேகம் ஏறக்குறைய இல்லை என்றிருக்க வேண்டும். காற்று மணிக்கு 6, 7 கிலோமீட்டருக்குள் அடங்கவேண்டும். அதற்கு மேல் வீசினால் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும். மூன்றாவது, பலர் பார்க்காமல் விடுவது: டியூ பாயின்ட். காற்றிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது. 8 டிகிரி என்றிருந்தால், காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்ததுமே பனித்துளி விழும். ஒவ்வொரு கிராம் நீராவியும் துளியாகும்போது சுமார் 2,500 ஜூல் வெப்பத்தை வெளியே விடும். குளிர்தல் அங்கேயே மந்தப்படும். மூடுபனியும் சேர்ந்தால் அன்று உறைபனி கிடையாது. டியூ பாயின்ட் 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிளம்பலாம். மைனஸ் 6, 7 வரை போய்விட்டால் வேறு சிக்கல்: வெண்மையாகப் படிய ஈரமே இருக்காது. தளிர் கருகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

மேகம், காற்று பற்றிய கணிப்பை இரண்டு மூன்று நாளுக்கு முன்பு நம்பலாம். பத்து நாள் முன்னறிவிப்பை வைத்து அறை போடாதீர்கள். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் அதன் மேகம் இங்கேயும் வந்து இரவை மூடிவிடும். மழை விட்ட முதல் இரவைவிட இரண்டாம், மூன்றாம் இரவுகள் நல்லவை.

இனி நிலத்தின் கதை. முன்னறிவிப்புக்குப் பயன்படும் ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி நிலத்தைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. மூணாறு நகரம் கிட்டத்தட்ட 1,500 மீட்டர். சாலையில் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள மறையூர் சுமார் 1,000 மீட்டர். இடையே ஆனைமுடி 2,695 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. இந்த மேடுபள்ளமெல்லாம் ஒரு கட்டத்துக்குள் சராசரியாகிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும் என்ற பாடப்புத்தகக் கணக்கைக் கொண்டு இதைத் திருத்தலாம் என்று தோன்றும். உறைபனி இரவில் அது தலைகீழ். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டிலுள்ள லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) வெதுவெதுப்பாக இருக்க, கீழே ஓடையோரச் சதுப்பு உறைந்திருக்கும். எனவே உயரமான காட்சிமுனைக்கு ஓடாமல், திறந்த, தட்டையான, மரமில்லாத பள்ளத்தைத் தேடுங்கள். குண்டளை, லட்சுமி, சைலன்ட்வேலி எஸ்டேட் பக்கங்களில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு.

வெப்பநிலை சூரியன் உதித்த சற்று நேரம் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். ஜனவரியில் உதயம் 6.40 மணி வாக்கில், ஆறரைக்கே போய்விடவேண்டும். வெயில் பட்ட இடத்தில் அரை மணி நேரத்தில் எல்லாம் நீராகிவிடும். உடுமலையிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே வந்து தங்குங்கள். சின்னாறு காட்டுவழி இரவில் அடைக்கப்படும். தேயிலைச் செடிக்குள் இறங்கவே இறங்காதீர்கள். இலைக்குள் உருவான பனிப்படிகம் செல்லின் நீரை உறிஞ்சியிருக்கும். உடனே வெயில் சுட்டால் கொழுந்து செம்பு நிறமாகக் கருகும். பார்க்க வருகிறவருக்கு அழகான அந்தக் காலை, கொழுந்து பறிக்கிறவர்களுக்குப் பல வாரக் கூலி இழப்பு.

சறுக்கு விளையாட குல்மார்க் போகிறவர்கள் இதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்கவேண்டும். இங்கே தெளிந்த வானம் வேண்டும், அங்கே மேகம் வேண்டும். மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த அலைகள்தான், ‘மேற்கத்தியக் கலக்கம்’ என்பார்கள், காஷ்மீருக்குப் பனிப்பொழிவைக் கொண்டுவருகின்றன. குல்மார்க் அடிவாரம் சுமார் 2,650 மீட்டர், கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் மேல்நிலையம் ஏறக்குறைய 3,950. மேகமூட்டமான பொழிவு நாளில் பாடப்புத்தகக் கணக்கு ஓரளவு பொருந்தும்: அடிவாரத்தில் 2 டிகிரி என்றால் மேலே சுமார் மைனஸ் 6. சுழிய (0 டிகிரி) வெப்பநிலை எந்த உயரத்தில் என்று சில செயலிகள் தரும். அதற்குச் சுமார் 300 மீட்டர் கீழே வரை பனியாகவே விழும், அதற்கும் கீழே மழை.

முன்னறிவிப்பில் மில்லிமீட்டர் என்றால் அது உருகிய நீரின் அளவு. 10 மில்லிமீட்டர் நீர் சராசரியாக 10 சென்டிமீட்டர் பனியாகும். கடுங்குளிரில் அதுவே 15 சென்டிமீட்டர் பஞ்சாகும். சுழியத்தையொட்டி விழுந்தால் 6, 7 சென்டிமீட்டர் கனத்த ஈரப்பனி. அது சறுக்குக்கட்டையின் அடியில் ஒட்டும், முழங்காலைத் திருப்பிவிடும். மார்ச்சில் பகலில் உருகியது இரவில் கெட்டியாகி ஓடு கட்டும். புதியவர்கள் அன்று காலை அதில் இறங்கவேண்டாம்.

புதுப்பனி நிறைய விழுந்த அடுத்த ஒன்றிரண்டு நாள் பனிச்சரிவு அபாயம் அதிகம். சண்டிகரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஜிஆர்இ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் குறிக்கப்பட்ட தடத்தைவிட்டு விலகாதீர்கள். காற்று பலமானாலோ மேலே பார்வை மறைந்தாலோ கொண்டோலாவின் மேல்கட்டம் நிறுத்தப்படும். பொழிவு நாளும் அதுவாகவே இருப்பது வழக்கம் என்பதால், மூன்று நாள் சறுக்க நினைப்பவர் ஐந்து நாளுக்கு அறை போடுவது நல்லது.