பரோல்: சொல்லும் பொருளும்

'பரோல்' என்றால் பிரெஞ்சு மொழியில் 'சொல்', 'வாக்கு'. வேர் கிரேக்கத்தில் இருக்கிறது: 'பரபொலே', அதாவது உவமை. லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்து பொதுவாகப் பேச்சைக் குறிக்கத் தொடங்கியது. போரில் பிடிபட்டவர், 'இனி உங்களை எதிர்த்து ஆயுதம் எடுக்கமாட்டேன்' என்று மானத்தின் மேல் வாக்குக் கொடுத்தால், ஐரோப்பியப் படைகள் அவரை விட்டுவிடுவது உண்டு. அந்த வாக்குதான் பரோல். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863இல் வெளியான, வடதரப்புப் படைகளுக்கான போர் நடத்தை விதிகளான லீபர் விதித்தொகுப்பில் இதற்கென்றே தனி விதிகள் இருந்தன. குற்றவாளிகளின் சிறைக்குள் இந்தச் சொல் நுழைந்தது பிற்பாடுதான்.

தமிழில் எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் பரோல் என்றால் மீதித் தண்டனைக் காலத்தை நிபந்தனைகளோடு வெளியே கழிப்பது. அதற்கு 'நிபந்தனை முன்விடுதலை' பொருந்தும். நம் நாட்டில் சில நாள் வெளியே போய்விட்டுச் சிறைக்குத் திரும்பி வர வேண்டும். அதனால் 'சிறை விடுப்பு' என்பதே சரி. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளும் சாதாரண விடுப்பு, அவசரகால விடுப்பு என்றே பிரிக்கின்றன. நெருங்கிய உறவினர் இறந்தால் அவசரகால விடுப்பு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வீட்டைப் பழுதுபார்க்க, விதைப்பு, அறுவடை பார்க்கச் சாதாரண விடுப்பு. 'பரோலில் விடுதலை' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம்; பரோல் வேறு, தண்டனை முடியும் முன்பே விடுவிக்கும் முன்விடுதலை வேறு. கோவாவைச் சேர்ந்த கைதிகளின் வழக்கில், முன்விடுதலைக்குச் சிறையில் இருந்த காலத்தைக் கணக்குப் பார்க்கும்போது பரோல் நாட்களைக் கழித்துவிட வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜாமீன் வேறு, அதற்குப் 'பிணை' இருக்கிறது.

ஒரு காலத்தில் கைதியின் வாக்கை நம்பிக் கதவு திறந்தது. இன்று அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வதே முடிவு செய்கிறது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார்; அக்கம்பக்கத்தில் கேட்கிறார்; காவல் நிலையமும் அறிக்கை அனுப்புகிறது. அதில் 'இவர் வந்தால் சட்டம் ஒழுங்கு பாதிக்கும்' என்று ஒரு வரி இருந்தால் போதும், மனு தள்ளுபடி. அந்த வரியை எழுத வைத்த ஆதாரம் என்ன என்று கைதிக்குத் தெரியாவிட்டால், அவர் எதை மறுத்துப் பேசுவார்? நீதிமன்றத்தில் அந்த அறிக்கைகளைக் கேட்டு மனுப்போடுவதைச் சலுகை கேட்பதாக நினைக்கக் கூடாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் இரண்டு விதமாகப் போனது. பரோலை ரத்து செய்வதானால் எதிரான சான்றுகளைக் காட்டியாக வேண்டும் என்றது 1972இல், மோரிசி வழக்கில். பரோல் தர மறுத்தால், கோப்பில் எந்தச் சான்றை நம்பினோம் என்று பரோலை முடிவு செய்யும் வாரியம் குறிப்பிட்டுச் சொல்லத் தேவையில்லை என்றது 1979இல், கிரீன்ஹோல்ட்ஸ் வழக்கில். கையில் இருப்பதைப் பறிப்பது வேறு, எதிர்பார்ப்பது கிடைக்காமல் போவது வேறு என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. உள்ளே இருப்பவருக்கு இரண்டிலும் இழப்பு ஒன்றுதான்.

தகவல் தந்தவரின் உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் நியாயமானது. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அதற்காகவே பிரிவு 8இல் விலக்குத் தருகிறது. ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 10, மறைக்க வேண்டியதை நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்க வழி செய்கிறது. சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியையும் அடித்துவிட்டு, அறிக்கையின் நகலைக் கைதியிடம் கொடுக்கலாம்.