கம்பளத்துக்குப் போட்ட சட்டம் ஃபோனுக்கு வந்த கதை

ஃபோனில் ஒரு பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போகிறீர்கள், கடைசி வரி வந்துவிடுகிறது. அதற்கு மேலும் இழுத்தால் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும், விரலை எடுத்ததும் துள்ளிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். இந்தத் துள்ளலுக்கு ஆப்பிள் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. 2011 ஏப்ரலில் சாம்சங் மேல் கலிபோர்னியாவில் போட்ட வழக்கில் அதுவும் ஒரு ஆயுதம்.

இதற்கெல்லாமா வழக்கு என்று தோன்றும். ஆனால் காப்புரிமை என்பது பொதுவான யோசனைக்குக் கிடைப்பதில்லை. ஆவணத்தின் கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் உரிமைக்கோரிக்கைகள்தான் வேலி. ஒரு கோரிக்கையில் ஐந்து அம்சங்கள் இருந்தால் அந்த ஐந்தும், அல்லது அவற்றுக்கு ஈடானவை, எதிராளியின் பொருளில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மீறல் ஆகாது. அதனால்தான் வழக்கறிஞர்கள் ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் வாதாடுகிறார்கள், பொறியாளர்கள் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடுகிறார்கள். துள்ளலுக்குப் பதிலாகத் திரையின் ஓரத்தில் நீல ஒளி மின்னினால் போதும், வேலிக்கு வெளியே வந்தாயிற்று.

வேலியையே பிடுங்கிப் போடுவது இன்னொரு வழி. திரையில் விரலை இழுத்துப் பூட்டைத் திறக்கும் முறைக்கு ஆப்பிள் வாங்கியிருந்த காப்புரிமையை ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2015-இல் செல்லாது என்றது. ஐஃபோன் வருவதற்கு முன்பே ஸ்வீடனின் நியோநோட் நிறுவனம் தன் ஃபோனில் அப்படி ஒன்றை வைத்திருந்தது.

வைஃபை, 4ஜி போன்ற தரநிலைகளுக்குள், அதாவது எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் பொதுவான தொழில்நுட்ப விதிகளுக்குள், இருக்கும் காப்புரிமைகளை மட்டும் சுற்றிக்கொண்டு போக முடியாது, ஏனென்றால் அவை இல்லாமல் ஃபோன் நெட்வொர்க்கோடு பேசவே பேசாது. அதனால் அவற்றை நியாயமான கட்டணத்துக்கு எல்லோருக்கும் தருவதாக உரிமையாளர்கள் முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

அந்த வழக்கில் தோற்றத்துக்கான வடிவமைப்புக் காப்புரிமைகளும் இருந்தன: முனை வளைந்த செவ்வக முகப்பு, வரிசையாக அடுக்கிய ஐகான்கள். இந்த வகையில் படங்கள்தான் கோரிக்கை. முழுக்கோடு உரிமை கேட்பது, விட்டுவிட்டு வரைந்த கோடு கேட்காதது. 2012 ஆகஸ்டில் ஜூரி சாம்சங்குக்கு ஏறக்குறைய 105 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

இவ்வளவு பெரிய தொகைக்கு வேர் 1880-களின் கம்பளங்களில் இருக்கிறது. ஒரு கம்பள நிறுவனத்தின் வடிவத்தை இன்னொருவர் நகலெடுத்துவிட்டார். லாபத்தில் எவ்வளவு பங்கு அந்த வடிவத்தால் வந்தது என்று நிரூபிக்க முடியாததால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெறும் 6 சென்ட்தான் கொடுத்தது. கொதித்துப்போன தொழில்துறைக்காக 1887-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது: வடிவத்தை நகலெடுத்தால் அந்தப் பொருளின் மொத்த லாபமும் உரிமையாளருக்கு. கம்பளத்துக்கு அது பொருந்தும், பலர் கம்பளத்தை வாங்குவதே அதன் வடிவத்துக்காகத்தான். ஆயிரக்கணக்கான கண்டுபிடிப்புகள் அடங்கிய ஃபோனுக்கும் அதே கணக்கா? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதைத் தொட்டது. 'பொருள்' என்பது முழு ஃபோனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம் என்று 8 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பாகத்தை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அப்புறம் 2018 மே மாதம் புதிய ஜூரி உட்கார்ந்து ஏறக்குறைய 53.9 கோடி டாலர் என்றது. அதில் 53.3 கோடி தோற்றத்துக்கு. துள்ளலுக்கும், ஒரு விரலா இரண்டு விரலா என்று பிரித்தறியும் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து 53 லட்சம்தான். அடுத்த மாதமே இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள், என்ன தொகைக்கு என்று வெளியே சொல்லவில்லை.