ஏல் ஈஸ்ட் மாற்றும்போது பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதீர்கள்

இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்குப் பொருட்கள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். (இங்கே சொந்த உபயோகத்துக்கு 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.) கவுண்டரில் அடிக்கடி வரும் கேள்வி இது: "செய்முறையில் வையீஸ்ட் 1968 போட்டிருக்கு, கிடைக்கலை. பதிலா இதைப் போடலாமா?" (ஏல் என்பது பீரில் ஒரு வகை; 1968 என்பது வையீஸ்ட் நிறுவனத்தின் ஓர் ஆங்கில ஏல் ஈஸ்ட்டின் எண்.) கையில் 'ஏல்' என்று அச்சிட்ட ஏதோ ஒரு பாக்கெட் இருக்கும்.

முன்பக்கத்தில் இருப்பது வெறும் ரகப் பெயர். மாற்று ஈஸ்ட் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது எவ்வளவு சர்க்கரையைத் தின்னும் என்பதை. அட்டனுவேஷன் என்று சதவீதத்தில் போட்டிருப்பார்கள். 1968-க்கு அது 67 முதல் 71. ஆரம்ப அடர்த்தி (தண்ணீருக்கு 1.000; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கும்) 1.048 உள்ள, பிட்டர் என்ற ஆங்கில ஏலில் இதைப் போட்டால் 1.015 பக்கம் நின்றுவிடும். ஆல்கஹால் சுமார் 4.3 சதவீதம், நாக்கில் மால்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்பு நிற்கும். அதே வோர்ட்டில் (புளிக்கும் முன் இருக்கும் மால்ட் சாறு) சஃபேல் யுஎஸ்-05 என்ற ஈஸ்ட்டைப் போட்டால் 1.010 வரை இறங்கும், ஆல்கஹால் 5 சதவீதம். குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் நீங்கள் காய்ச்ச நினைத்த பிட்டர் அதுவல்ல.

1968-க்குப் பதிலாக நான் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் எஸ்-04 என்ற ஈஸ்ட். ஆங்கில ஏலின் லேசான பழ வாசனை வரும், அடியில் கெட்டியாகப் படியும். 1968-ஐவிடக் கொஞ்சம் அதிகம் தின்னும் என்பதால் மால்ட்டை ஊறவைக்கும் சூட்டை 66 டிகிரியிலிருந்து 68-க்கு ஏற்றச் சொல்வேன். தின்ன முடியாத சர்க்கரை கூடுதலாகத் தங்கும்.

வின்ட்சர் என்ற ஈஸ்ட்டைக் கேட்பவர்களிடம் கொஞ்சம் நிறுத்திப் பேசுவேன். வோர்ட்டில் மால்டோஸ் என்ற சர்க்கரைக்கு அடுத்தபடியாக நிறைய இருக்கும் மால்டோட்ரயோஸ் என்ற சர்க்கரையை இந்த ஈஸ்ட் தொடாது. 1.018-ல் நின்றால் "பாதியில் நின்றுவிட்டது" என்று பயப்பட வேண்டாம், அதன் சுபாவமே அதுதான். வினை எங்கே வருகிறது என்றால், பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காக மிச்சமிருந்த யுஎஸ்-05-ஐத் தூவுகிறார்கள். முதல் ஈஸ்ட் விட்டுவைத்ததை இது மூடிய பாட்டிலுக்குள் தின்னத் தொடங்கும்.

கணக்கு எளிது. அடர்த்தி 0.002 இறங்கினால், பீரின் கொள்ளளவு அளவுக்கு இன்னொரு பங்கு கார்பன் டை ஆக்சைடு உருவாகும். நுரைக்குப் போட்ட சர்க்கரையோடு 0.006 கூடுதலாக இறங்கினால் சாதாரண பீர் பாட்டில் தாங்கும் என்று நம்ப முடியாது.

இதைவிட மோசமானது டயஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட். எஸ்டிஏ1 என்ற மரபணு இருப்பதால் இவை ஒரு நொதியை வெளியே விட்டு, மற்ற ஈஸ்ட்டுகளால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளையும் உடைத்துத் தின்னும், அதுவும் மெதுவாக, வாரக்கணக்கில். செசான் என்ற பெல்ஜிய பீருக்கான பெல் செசான் ஈஸ்ட் அப்படிப்பட்டது. அதுவும் ஏல் ஈஸ்ட்தான், அதனால்தான் "இதுவும் ஏல்தானே" என்று பிட்டரில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் அசையவில்லை என்று அடைத்துவிடுவார்கள், ஈஸ்ட் வேலையை முடித்திருக்காது. போதாததற்குக் கிராம்பு வாசனையும் வரும். செசான் காய்ச்சிய வாளியின் குழாய், கீறல் விழுந்த பிளாஸ்டிக் டியூப் இவற்றில் ஒட்டியிருந்து அடுத்த பீரிலும் புகும். டியூபைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

புது ஈஸ்ட் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. காய்ச்சிய வோர்ட்டில் ஒரு கிளாஸ் எடுத்து, தாராளமாக ஈஸ்ட் போட்டு, மூடியை இறுக்காமல் 25 டிகிரியில் வைத்து அடிக்கடி குலுக்குங்கள். சில நாளில் அது நிற்கும் இடம்தான் உங்கள் எல்லை. வாளியில் உள்ளது அந்த அளவுக்கு வரும்வரை அடைக்காதீர்கள். டயஸ்டாட்டிகஸுக்கு மட்டும் சில நாள் போதாது, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சந்தேகமான பாட்டில்கள் ஏற்கெனவே அலமாரியில் இருந்தால், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, துண்டால் சுற்றி ஃபிரிஜ்ஜுக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு, துண்டை எடுக்காமலே, மூடியை லேசாக நெம்பி வாயுவை விடுங்கள். கடைக்கு மட்டும் எடுத்து வராதீர்கள், போட்டோ போதும்.