கத்தியில் ஏறும் செம்பு

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்த்து, பயிர்களின் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையைத் தயாரிக்கும் விவசாயிகள், தெளிப்பதற்கு முன் தீட்டிய இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்ப்பார்கள். அலகில் செம்பழுப்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். பிணைபடாத செம்பு இலையைக் கருக்கிவிடும். வேதியியல் வகுப்பில் ஆணியை வைத்துக் காட்டுவதும் இதே சோதனைதான்.

ஆணியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக்கொள்ள வேண்டும். மயில்துத்தக் கரைசலை இரண்டு குழாய்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஆணியைப் போடுங்கள். பக்கத்தில் பழைய நீலம் இல்லாவிட்டால், அரைமணி நேரத்தில் நிறம் வெளுத்துப் பச்சை தட்டியதைக் கடைசி பெஞ்சு நம்பாது.

இதற்கு இடப்பெயர்ச்சி வினை என்று பெயர். பெயரைக் கேட்டால் இரும்பு செம்பைப் பிடித்துத் தள்ளுவதுபோல் தோன்றும். உண்மையில் நடப்பது எலக்ட்ரான் கைமாற்றம். இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு, மின்னூட்டம் கொண்ட அயனியாகக் கரைகிறது. அவற்றை வாங்கிக்கொண்ட செம்பு அயனி உலோகமாகி ஆணியில் ஒட்டுகிறது. 56 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் செம்பு படியும். அதாவது, செம்பு உதிராத வரை, கரையக் கரைய ஆணி கனக்கிறது!

வினைபுரியும் நாட்டத்தின்படி உலோகங்களை அடுக்கிய வினைத்திறன் வரிசையில் அலுமினியம் இரும்புக்கும் மேலே இருக்கிறது. அப்படியானால் அது இன்னும் வேகமாகச் செம்பை வெளியேற்ற வேண்டும். சமையலறை அலுமினியத் தாளைக் கிள்ளிப் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை. பாடநூல் பொய் சொல்லவில்லை. சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் உலோகத்தைப் போர்த்தியிருக்கிறது.

இப்போது ஒரு சிட்டிகை சமையல் உப்பு. குளோரைடு அயனிகள் படலத்தை அங்கங்கே துளைக்கின்றன. கரைசல் பச்சையாகிறது, ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்புகின்றன, தாள் நைந்து செம்பழுப்புக் கூழாகிறது. குவளை தொட முடியாமல் சுடும். ஆகவே எல்லாம் சிறிய அளவில், கண்ணாடிக் குவளையில். என்னைக் கேட்டால், ஆணியைவிட வகுப்புக்கு ஏற்றது இதுதான். மீந்த கரைசலைக் குளத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மீன்களுக்கு அது நஞ்சு.

புளியோதரை கட்டிய அலுமினியத் தாளில் சில நேரம் ஊசித் துளைகள் விழுமே, அதிலும் புளிப்போடு சேர்ந்து உப்பின் கைவரிசை உண்டு.