யாருடைய விரல்களை வைத்து அளந்தார்கள்?

விரலில் மாட்டினால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதமாகக் காட்டும் ஆக்சிமீட்டர், நம் இரத்தத்தைத் தொடுவதே இல்லை. வெளிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. விரலின் ஒரு பக்கம் இரண்டு சிறு விளக்குகள்: 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் இழந்தது நேர்மாறு. மறுபக்கம் வந்து சேரும் இரண்டு ஒளிகளின் விகிதத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஆனால் தோலும் எலும்பும்கூட ஒளியை விழுங்குமே? ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974இல் இதற்கு அழகான வழி கண்டார். இதயம் துடிக்கும்போதெல்லாம் ஏறி இறங்குவது தமனி இரத்தம் மட்டுமே. மாறாமல் இருப்பதைக் கழித்துவிட்டு, துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

தோலின் நிறமியான மெலனினும் துடிப்பதில்லை. அப்படியானால் அதுவும் கழிந்துபோக வேண்டும். போகவில்லை, சிக்கலே இங்குதான். விளக்கின் ஒளி ஒரே அலைநீளம் அல்ல, சற்றே பரந்த பட்டை. மெலனின் அதில் குறுகிய அலைகளைக் கூடுதலாக உறிஞ்சுவதால் சிவப்பின் தன்மையே கொஞ்சம் நகர்கிறது. வந்து சேரும் ஒளியும் மங்குகிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: அந்த விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணை சூத்திரத்திலிருந்து வந்ததல்ல. ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்து, தமனி இரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுத் தயாரித்தது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டுதல் சோதனைக்குக் கேட்டது குறைந்தது 10 பேர். அவர்களில் கருந்தோல் உடையவர்கள் இரண்டு பேர், அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது.

கருந்தோலில் கருவி கூடுதலாகக் காட்டுகிறது என்று 1990லேயே ஆய்வு வந்துவிட்டது. மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மானுடவியலாளர் ஏமி மோரன்-தாமஸ் இதைக் கிளறினார் (மருத்துவர்களுக்கு ஒரு மானுடவியலாளர் நினைவூட்ட வேண்டியிருந்தது!). அதே டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டி முடிவை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய வேளையில், இரத்தப் பரிசோதனையில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையரிடம் 3.6 சதவீதம்.

கோவிட் காலத்தில் ஆக்சிஜனும் மருந்தும் யாருக்கு என்பதை இந்த எண்ணே பெரும்பாலும் தீர்மானித்தது. "மூச்சு முட்டுகிறது" என்கிறார் நோயாளி. திரை 94 என்கிறது. மருத்துவர் யாரை நம்புவார்? கருவிக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் எதிரே இருப்பவரின் சொல்லைவிடத் திரையை நம்பும் பழக்கம் நமக்கு இருக்கிறது.

2021இல் தமிழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வாங்கினோம், நம் விரல்களின் நிறத்தைப் பற்றி யோசிக்காமலே. 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வரைவு, 10 பேருக்குப் பதிலாக 150 பேரையாவது, பல தோல் நிறங்களில், சோதிக்கச் சொல்கிறது. மேசை இழுப்பறையில் கிடக்கும் கருவி பழைய அட்டவணையைப் பார்த்துத்தான் எண்ணைச் சொல்லும்.