ரேம் சீரற்றதா?

மடிக்கணினியின் நினைவகத்தைக் கூட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள், தமிழில் கிடைத்த ஒரு வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, என்னுடையது சீரற்ற நினைவகமாமே, அதனால்தான் இவ்வளவு மெதுவாக ஓடுகிறதா?" திரையில் இருந்த வரி இது: ‘உங்கள் சீரற்ற அணுகல் நினைவகத்தை மேம்படுத்தவும்.’ இந்தத் தொடரை எத்தனையோ இடங்களில் பார்த்துச் சலித்திருக்கிறேன். அதை நம்பித் தன் கணினியில் பழுது இருப்பதாக ஒருத்தி கவலைப்பட்டதை அன்றுதான் நேரில் கண்டேன்.

அந்த வரி சொல்வது ரேமைத்தான். ரேம் என்பது ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரி’ என்பதன் சுருக்கம்; அதில் உள்ள ரேண்டமைத்தான் ‘சீரற்ற’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ரேண்டம் என்ற சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. அங்கே அது வேகமான ஓட்டத்தைக் குறித்தது. இலக்கில்லாமல், ஒழுங்கில்லாமல் என்ற பொருள்கள் ஆங்கிலத்தில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. கணினித் துறையில் அதன் பொருள் வேறு. காந்த நாடாவில் 1000ஆவது தகவல் வேண்டுமென்றால் முந்தைய 999ஐயும் கடந்துதான் போக வேண்டும். பாதரசக் குழாயில் ஒலியலைகளாகச் சுற்றிய பழைய நினைவகங்களில், வேண்டியது சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ‘பேபி’ கணினிக்கு நினைவகமாக இருந்த வில்லியம்ஸ் குழாயில் அந்தக் காத்திருப்பு இல்லை. எந்த முகவரியை எந்த வரிசையில் கேட்டாலும் ஒரே அளவு நேரத்தில் எடுக்கலாம். ரேண்டம் குறிப்பது இதைத்தான்.

இனி ‘சீரற்ற’ என்பதைப் பாருங்கள். சீரற்ற வானிலை, சீரற்ற இதயத்துடிப்பு, சீரற்ற விநியோகம் என்று தமிழில் இது எங்கே வந்தாலும் ஒரு குறையைச் சொல்லவே வருகிறது. சீர் என்றால் ஒழுங்கு, செம்மை. செய்யுளில் அசைகள் கூடி நிற்பதும் சீர். அது பிசகினால் ஓசை கெடும். நினைவகத்திலோ ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி உண்டு. இத்தனை ஒழுங்காக அடுக்கி வைத்த ஒன்றைச் சீரற்றது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? ‘தற்செயல் அணுகல்’ என்று சிலர் எழுதுவது இன்னும் மோசம். கணினியின் செயலி (புராசசர்) தான் கேட்ட முகவரிக்குத்தான் போகிறது. எதேச்சையாக எங்கும் போய் நிற்பதில்லை. அகராதியில் கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்து வைத்துவிட்டு நகர்வதை மொழிபெயர்ப்பு என்று நான் ஏற்க மாட்டேன். கணிதப் பாடநூல்கள் இதே ரேண்டமுக்குச் ‘சமவாய்ப்பு’ என்று எழுதுகின்றன. அந்தத் துறையில் அது எதைக் குறிக்கிறது என்று யோசித்துப் பிறந்த சொல் அது.

‘நேரடி அணுகல் நினைவகம்’ என்று எழுதுவோரும் உண்டு. பொருள் பழுதில்லை, கணினி வரலாறு கற்பிக்கும் இடத்தில் அது இருக்கட்டும். ஆனால் படிக்க மட்டுமேயான நினைவகமாகிய ரோமையும் (ROM) எந்த முகவரியிலிருந்தும் அப்படியே படிக்கலாம் என்பதால், அந்த அடைமொழி ரேமைத் தனித்துக் காட்டுவதில்லை. ஜெர்மானியர்கள் ஆங்கிலத்தைப் பின்தொடராமல் வேலைக்கான சேமிப்பிடம் என்ற பொருளில் ‘ஆர்பைட்ஸ்ஷ்பைஷர்’ என்கிறார்கள். நான் ‘பணி நினைவகம்’ என்றே எழுதுகிறேன். நடந்துகொண்டிருக்கும் பணி அதில் இருக்கும். மின்சாரம் நின்றால் போய்விடும். கோப்புகள் தங்குமிடம் சேமிப்பகம். இரண்டையும் குழப்பி ‘512 ஜிபி நினைவகம்’ என்று விளம்பரம் எழுதுவது வாங்குகிறவரை ஏமாற்றுவதற்குச் சமம்.

‘மேம்படுத்தவும்’ என்பதிலும் எனக்கு வழக்கு உண்டு. மென்பொருளைப் புதுப்பிப்பதற்கும் இதே சொல்லைப் போடுகிறார்கள். அதனால்தான் அவள் அரைமணி நேரம் அமைப்புகள் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள். 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபியைச் சேர்ப்பதற்குக் ‘கூட்டு’ என்ற வினை நம்மிடம் இருக்கிறது; குழந்தைக்கும் தெரிந்த சொல்.

அடிமூடியைக் கழற்றினோம். ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் ஒரு நினைவக அட்டை. பக்கத்தில் இன்னொன்றுக்கான இடம் காலியாக இருந்தது. நல்லவேளை, சில மடிக்கணினிகளில் நினைவகச் சில்லுகளைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். கூடுதல் அட்டைக்கு இடமும் இல்லாவிட்டால் அவற்றில் எதையும் கூட்ட முடியாது. அட்டையின் ஒட்டுத்தாளில், நினைவகத்தின் தலைமுறையைக் குறிக்கும் டிடிஆர்4 என்ற பெயர் இருந்தது. அதற்கு 260 தொடுமுனைகள், டிடிஆர்5க்கு 262. விளிம்பில் உள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. அந்த வழிகாட்டியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அதன் அந்த ஒரு வரியை நான் இப்படி மாற்றி எழுதிக் கொடுத்தேன்: ‘கணினியை அணைத்து, மின்கல இணைப்பைக் கழற்றிய பிறகு, புதிய பணி நினைவக அட்டையைச் சாய்வாகச் செருகி, இரு பக்கக் கொக்கிகளும் பூட்டிக்கொள்ளும்வரை மெல்லக் கீழே அழுத்துங்கள்.’ அவள் அதைப் படித்துக்கொண்டே தானாகவே மாட்டி முடித்தாள்.