விளம்பரத்தைத் தொட்டுத் தருவது உதவி இல்லை

போன வாரம் ஒருவர் சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த தாளை எடுத்து மேஜையில் வைத்தார். வந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருந்தார். பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்பு வெளுத்துப் போயிருந்தது. "சார், இதுல என்னதான் சொல்லியிருக்காங்க, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். படிக்கவே வேண்டியிருக்கவில்லை. போலி டிராஃபிக், அதாவது உண்மையில்லாத பார்வைகளும் தொடுதல்களும் காரணமாக, யூடியூப் விளம்பரப் பணம் அவருக்கு வந்து சேரும் ஆட்சென்ஸ் கணக்கு முடக்கப்பட்டிருந்தது.

தையல் மெஷின் பழுது பார்ப்பவர் அவர். மேல்நூல் ஏன் அறுகிறது, அடிநூல் ஏன் சிக்குகிறது, பாபின் கேஸைக் கழற்றி எப்படித் துடைப்பது என்று ஒவ்வொன்றாக யூடியூபில் போட்டிருக்கிறார். பார்த்தேன். படம் ஆடுகிறது, கை ஆடவில்லை. அத்தனை தெளிவாகச் சொல்லித் தருகிறார். மூன்று வருடம் போராடி 1,000 சப்ஸ்கிரைபரும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்த்து, பணம் வரத் தொடங்கி ஐந்தாவது மாதம். மாமாவுக்கு உதவலாம் என்று அக்கா மகன் ஐந்து பழைய போன்களில் ராத்திரி முழுக்க வீடியோவை ஓடவிட்டு, வருகிற விளம்பரத்தையெல்லாம் தொட்டுத் தொட்டு விட்டிருக்கிறான்.

சேனல் நடத்துகிறவர்களின் கணக்கு வழக்கைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். இந்த வருடம் இதே கதையோடு வந்தவர்களில் இவர் ஏழாவது ஆள். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குத் தெரிந்தது பாதி உண்மை. தாண்டிப் போகக்கூடிய விளம்பரங்களில் ஒரு முறை உண்டு: பார்ப்பவர் 30 விநாடி பார்த்தாலோ, விளம்பரம் அதைவிடச் சிறியதென்றால் முழுக்கப் பார்த்தாலோ, இல்லை அதைத் தொட்டாலோதான் விளம்பரம் கொடுத்தவர் காசு தருவார். சரி, தொட்டால் காசு. யாருடைய காசு? பொருள் விற்க வேண்டும் என்று ஒரு வியாபாரி கட்டிய காசு. வாங்கும் எண்ணமே இல்லாத ஐந்து போன்கள் அதைத் தின்றால் அதற்குப் பெயர் திருட்டுதான். கண்டுபிடித்ததும் கூகுள்காரர்கள் பிடித்த தொகையை முடிந்தவரை விளம்பரதாரருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். செய்தது மருமகனா, எதிரியா, காசுக்கு வியூஸ் விற்கும் ஆளா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.

இதற்கெல்லாம் வேர் ஒரே ஒரு கேள்வி. "ஆயிரம் வியூஸுக்கு எவ்வளவு சார் தருவாங்க?" தினமும் கேட்கிறார்கள். தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வியூஸுக்கு என்று யாரும் விலை வைக்கவில்லை. பணம் வருவது உங்கள் வீடியோவில் ஓடிய விளம்பரத்துக்கு. ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு ஏலம் நடக்கிறது. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், வீடியோ எதைப் பற்றியது, அது எந்த மாதம் என்பதைப் பொறுத்து விலை மாறும். கடன், காப்பீடு பற்றிப் பேசும் வீடியோவுக்குப் போட்டி அதிகம். ஆண்டுக் கடைசியில் விலை ஏறும், ஜனவரியில் விழும். ஜனவரியில் எனக்கு வருகிற "சார், என் சேனலுக்கு என்ன ஆச்சு" அழைப்புகளில் பாதிக்கு இதுதான் பதில்.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு வீடியோவை 1,00,000 தடவை பார்த்திருக்கிறார்கள் என்று வையுங்கள். எல்லாப் பார்வைக்கும் விளம்பரம் வராது. சிலர் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பார்கள். சில நேரம் பொருத்தமான விளம்பரமே இருக்காது. பிரீமியம் சந்தா கட்டியவருக்கு விளம்பரம் கிடையாது, அவர் கட்டும் சந்தாவிலிருந்து உங்களுக்கு ஒரு பங்கு தனியாக வரும். ஆக 40,000 தடவைதான் விளம்பரம் ஓடியது, ஆயிரம் தடவைக்கு விளம்பரதாரர் 4 டாலர் கொடுத்தார் என்று வைத்தால் மொத்தம் 160 டாலர். அதில் உங்கள் பங்கு 55 சதவீதம், 88 டாலர். அந்த 4 டாலர்தான் சிபிஎம். உங்கள் 88 டாலரை 1,00,000 பார்வைக்குப் பரப்பினால் ஆயிரத்துக்கு 0.88 டாலர். இதுதான் ஆர்பிஎம். சிபிஎம்மைப் பார்த்து வீட்டுக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்பிஎம். அதுவும் என் எடுத்துக்காட்டிலிருந்து இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சேனலிலிருந்தும் இல்லை. உங்கள் சேனலின் கணக்கைக் காட்டும் யூடியூப் ஸ்டூடியோ பக்கத்திலிருந்து.

சப்ஸ்கிரைபருக்குப் பணம் இல்லை. லைக்குக்கும் இல்லை. "என் வீடியோவுல விளம்பரம் ஓடுது, ஆனா காசு வரல" என்பார்கள். விளம்பர வருமானத்தில் பங்கு தரும் யூடியூபின் பார்ட்னர் திட்டத்தில் சேராத சேனல்களிலும் விளம்பரம் ஓடலாம். அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது. ஷார்ட்ஸ் வேறு கணக்கு. அங்கே விளம்பர வருமானத்தைப் பொதுவில் திரட்டி, இசைக்கான பங்கை ஒதுக்கி, மீதியைப் பார்வைக்கு ஏற்பப் பிரித்து, உங்களுக்கு வருவதில் 45 சதவீதம் தருவார்கள். குழந்தைகளுக்கான வீடியோ என்றால் பார்ப்பவரின் விருப்பத்தைக் கணித்துக் காட்டும் விளம்பரங்கள் கிடையாது, வருமானம் குறையும். அதற்காகக் குழந்தைகளுக்கானது இல்லை என்று பொய்யாகக் குறிக்காதீர்கள், அது சட்டச் சிக்கல்.

இனி, செய்ய வேண்டியது. உங்கள் வீடியோவில் வரும் விளம்பரத்தை நீங்கள் தொடாதீர்கள். "விளம்பரத்தைத் தொட்டு எனக்கு உதவுங்கள்" என்று வீடியோவில் சொல்லவும் சொல்லாதீர்கள், எழுதவும் எழுதாதீர்கள். வாட்ச் ஹவர் (பார்வை மணி நேரம்) விற்கிறேன் என்று வருகிறவனுக்குப் பதிலே போடாதீர்கள். சேனல் உருப்படாமல் போவதற்கு நீங்களே காசு கட்டுவது எதற்கு? திடீரென்று சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து பார்வை கொட்டினால் சந்தோஷப்படாமல் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆட்சென்ஸ் கணக்கு ஒருவருக்கு ஒன்றுதான்; அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுக்கும் வேலை வேண்டாம். முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு சரிபார்ப்பு எண் (பின்) வரும், அதனால் முகவரியை ஒழுங்காக எழுதுங்கள். வரிப் படிவத்தை நிரப்புங்கள். நிரப்பாமல் விட்டால் அமெரிக்க வரியாக மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், அதுவரை பொறுமை வேண்டும். ஸ்பான்சர் என்று சொல்லி ஒரு ஃபைலை அனுப்பித் திறக்கச் சொன்னால் திறக்காதீர்கள். பாஸ்வேர்டே கேட்காமல் சேனலைக் கைப்பற்றிப் போவது இந்த வழியில்தான்.

தையல் மெஷின்காரருக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை போன், யார் செய்தது, இப்போது என்ன செய்திருக்கிறோம் என்று மறைக்காமல் எழுதினோம். இதுபோன்ற கடிதத்தில் "நான் எதுவுமே செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள், எடுபடாது. "பையன் பேர் போட வேண்டாமே சார், அவன் சாப்பிடாம கிடக்கான்" என்றார். போடவில்லை, உறவுக்காரர் என்று மட்டும் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்பாவோ அக்காவோ மாமாவோ வீடியோ போட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசையாக இருந்தால், ஒரு வீடியோவை முதலிலிருந்து கடைசி வரை பார்த்து எங்கே புரியவில்லை என்று சொல்லுங்கள். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். நூல் அறுந்து தவிக்கிற ஒருவருக்கு அந்த வீடியோவை அனுப்புங்கள். விளம்பரத்தின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து இன்றைக்கே இதைச் சொல்லிவிடுங்கள்.